மழை நாளில் திரை ஏன் பாதியில் நிற்கிறது? சுமை மாறும்போது ஸ்டெப்பர் மோட்டாருக்குள் நடப்பது

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் பொலித்தீன் கூடாரத்தில் குடைமிளகாயும் சலாதும் வளர்ப்பவர்களில் சிலர், பக்கத் திரையைக் கையால் சுருட்டாமல் மோட்டார் வைத்து ஏற்றி இறக்கப் பார்க்கிறார்கள். உயர்தரத்தில் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பிடித்த செயற்திட்டம். தேயிலைத் தூளைச் சின்னப் பைக்கற்றில் அடைக்கும் இயந்திரம், கடைப் பெயர்ப்பலகை வெட்டும் சிஎன்சி (கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரம்), முப்பரிமாண அச்சு இயந்திரம் என்று மற்ற இடங்களிலும் அதே ஸ்டெப்பர் மோட்டார்தான்.

முறைப்பாடும் ஒன்றுதான். மேசையில் வைத்து ஓட்டினால் ஓடுகிறது. வெயில் நாளில் திரையை ஒழுங்காக ஏற்றுகிறது. ஒரு மழை நாளில் கொர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறது. உடனே "மோட்டார் டூப்ளிகேட்" என்று தீர்ப்பாகி, இன்னொன்று வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அடுத்த மழையில் நிற்கும்.

பெரும்பாலான இடங்களில் மோட்டாரில் பிழை இல்லை. சுமை மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை வெளியே காட்டும் குணம் இந்த மோட்டாருக்கு இல்லை. ஏன் இல்லை என்பது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

## படி படியாகச் சுற்றுவது என்றால் என்ன

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப்பர் மோட்டாரின் நடுவில் காந்தமேற்றிய சுழலி ஒன்று இருக்கும். அதில் 50 பற்கள். சுற்றிவர இரண்டு தொகுதிச் சுருள்கள். இந்தச் சுருள்களில் மின்னோட்டத்தின் திசையை ஒரு வரிசைப்படி மாற்றினால், நான்கு மாற்றத்துக்கு ஒரு பல் தூரம் சுழலி நகரும். 50 பற்கள், பல்லுக்கு 4 படி. ஆக ஒரு சுற்றுக்கு 200 படி, ஒரு படிக்கு 1.8 பாகை.

கட்டுப்படுத்தும் பலகை செய்வது இவ்வளவுதான்: படிக்கு ஒன்றாக 200 மின் துடிப்புகளை அனுப்பிவிட்டு, ஒரு சுற்றுப் போயாயிற்று என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. உண்மையில் போனதா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப் படிக்கட்டில் எண்ணி எண்ணி ஏறுகிறவரைப் போல. கால் வழுக்கினாலும் எண்ணிக்கை நிற்காது.

## சுமையை இது எப்படித் தாங்குகிறது

பழைய வாகனத்திலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமை கூடினால் வேகம் குறையும், கூடுதலாக மின் இழுக்கும், சத்தம் மாறும். றம்பொடை வளைவுகளில் ஏறும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதுபோல.

ஸ்டெப்பர் அப்படியில்லை. அதன் டிரைவர், அதாவது துடிப்புகளை வாங்கிச் சுருள்களுக்கு மின் கொடுக்கும் மின்சுற்று, சுருளில் ஓடும் மின்னோட்டத்தை நாம் அமைத்த அளவிலேயே பிடித்து வைத்திருக்கிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவு. சும்மா நிற்கும்போதே மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுவது இதனால்தான். சூட்டை வைத்தோ சுருளின் மின்னோட்டத்தை வைத்தோ சுமையைக் கண்டுபிடிக்க முடியாது. வேகமும் குறையாது, ஏனென்றால் வேகத்தை முடிவு செய்வது துடிப்புகள்.

அப்படியென்றால் சுமை எங்கேதான் தெரியும்? கோணத்தில். சுருள்களின் காந்தப்புலம் ஓர் இடத்தைக் காட்டுகிறது. சுழலி அந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வில் ஒன்று கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். சுமை கூடக் கூட வில் நீளும், பின்தங்கும் கோணமும் கூடும்.

மோட்டார் நின்ற நிலையில் தாங்கக்கூடிய உச்ச முறுக்கத்தை (சுழற்றும் பலத்தை) பிடிப்பு முறுக்கம் என்போம். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் இதுதான். 1.9 நியூட்டன் மீற்றர் பிடிப்பு முறுக்கம் உள்ள நெமா 23 என்ற நியம அளவிலான மோட்டார் ஒன்றில், சுமைக்கு ஏற்ப சுழலி ஏறத்தாழ இப்படிப் பின்தங்கும்:

1. உச்சத்தில் பாதிச் சுமை: 0.6 பாகை.
2. உச்சத்தில் முக்கால்வாசி: கிட்டத்தட்ட 1 பாகை.
3. உச்சச் சுமை: 1.8 பாகை, அதாவது சரியாக ஒரு படி.

பாதியிலிருந்து முக்காலுக்குப் போக 0.4 பாகை போதும். முக்காலிலிருந்து உச்சத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. உச்சத்தை நெருங்கும்போது வில் தளர்ந்துபோகிறது. கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. 15 மில்லிமீற்றர் ஆரையுள்ள உருளையில் 0.6 பாகை என்பது 0.16 மில்லிமீற்றர்தான்.

## எல்லை தாண்டினால்: 7.2 பாகைக் கணக்கு

1.8 பாகையைத் தாண்டிய பிறகு நடப்பது சாதாரண வில்லுக்கு நேர்மாறு. மேலும் இழுத்தால் எதிர்ப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. 3.6 பாகையில் சுத்தமாகப் பூச்சியம். அதைத் தாண்டினால் காந்தப்புலம் சுழலியை அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடும். அடுத்த நிலையான இடம் 7.2 பாகை தள்ளி, அதாவது முழுதாக 4 படி தள்ளி இருக்கிறது.

ஆகவே சுமையால் தவறும் படிகள் ஒன்று இரண்டாகத் தவறுவதில்லை. நாலு, எட்டு, பன்னிரண்டு என்றுதான் தவறும். பிழை தேடுவதற்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகரும் திருகுள்ள சிஎன்சியில் பிழை 0.1 மில்லிமீற்றரின் மடங்காக வரும். 20 பல் கப்பியும் 2 மில்லிமீற்றர் பல்லிடைப் பட்டியும் உள்ள அச்சு இயந்திரத்தில் 0.8 மில்லிமீற்றரின் மடங்காக வரும். அளந்து பார்த்து, அந்த மடங்கில் பிழை இல்லையென்றால் சுமையைக் குற்றம் சொல்லாமல், தளர்ந்த இணைப்பையோ துடிப்புக் கம்பியில் வரும் மின் இரைச்சலையோ தேட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லை தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். காந்தப்புலம் நிற்காமல் முன்னே போய்க்கொண்டே இருக்கும். பின்தங்கிய சுழலியை ஒரு கணம் முன்னே இழுக்கும், அடுத்த கணம் பின்னே தள்ளும். சராசரியாகப் பார்த்தால் முறுக்கம் இல்லையென்றே சொல்லலாம். அந்தக் கொர்ர் சத்தம் இதுதான். 99 சதவீதச் சுமையில் மோட்டார் முழுப் பலத்தோடு ஓடுகிறது. 101 சதவீதத்தில் பலமே இல்லாமல் போகிறது. நடுவில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

## ஒரு திரையின் கணக்கு

இப்போது மழைக்கு வருவோம். 1.5 மீற்றர் உயரத் திரை, அடியில் குழாய், மேலே 15 மில்லிமீற்றர் ஆரையுள்ள உருளையில் சுற்றும் கயிறு. திரையும் குழாயும் சேர்ந்து 6 கிலோ என்று வைப்போம். மேலே சொன்ன 1.9 நியூட்டன் மீற்றர் மோட்டாரை உருளையில் நேரடியாக மாட்டியிருக்கிறது.

1. வெயில் நாள், திரை அடியில் இருக்கும்போது: 6 × 9.8 × 0.015 = 0.88 நியூட்டன் மீற்றர். உச்சத்தில் பாதிகூட இல்லை. பயமே இல்லை.
2. மழை பெய்து, திரையின் மடிப்பில் 4 லீற்றர் தண்ணீர் தேங்குகிறது. 4 கிலோ கூடுகிறது: 10 × 9.8 × 0.015 = 1.47. இன்னும் தாங்குகிறது.
3. திரை ஏற ஏறக் கயிறு உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொள்கிறது. ஆரை 15 இலிருந்து 20 ஆகிறது: 10 × 9.8 × 0.020 = 1.96. எல்லை தாண்டிவிட்டது.

உராய்வை இன்னும் சேர்க்கவேயில்லை. காற்று திரையைக் கம்பத்தோடு அழுத்தினால் அது கூடும். ஜனவரி, பெப்ரவரி விடிகாலையில் நுவரெலியாவில் தரையில் உறைபனி பிடிக்கும் அளவுக்குக் குளிர் வரும். அந்தக் குளிரில் தாங்கியின் கிறீஸ் இறுகி அதுவும் தன் பங்குக்கு இழுக்கும்.

எங்கே தவறியது என்று கவனியுங்கள். திரை கீழே கிடக்கும்போது தவறவில்லை. ஈரமான திரை கிட்டத்தட்ட மேலே போன பிறகுதான் தவறுகிறது. தண்ணீர் மட்டும் போதாது, கயிறு தடித்தது மட்டும் போதாது, இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். அதனால்தான் "சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை" என்ற குழப்பம்.

இன்னொரு சம்பவம் இதைவிடக் குழப்பும். கயிறு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றாத உருளையில் ஈரத் திரை ஒழுங்காக மேலே ஏறி நிற்கிறது, அப்புறம் ஒரு வினாடிக்குள் தானாகக் கீழே விழுகிறது. இதற்குக் காரணம் டிரைவரில் உள்ள ஒரு சின்ன ஆளி. மோட்டார் நின்றதும் சூட்டைக் குறைப்பதற்காக மின்னோட்டத்தை ஏறத்தாழப் பாதியாக்கும் வசதி டிஎம் 542 போன்ற பல டிரைவர்களில் இருக்கிறது. மின்னோட்டம் பாதியானால் பிடிப்பு முறுக்கமும் ஏறத்தாழப் பாதி, 0.95. காய்ந்த திரையின் 0.88 ஐ அது தட்டுத்தடுமாறிப் பிடிக்கும். 1.47 ஐ எப்படிப் பிடிக்கும்?

கரண்ட் போனால் அந்தப் பாதியும் இல்லை. மின்சாரம் இல்லாத ஸ்டெப்பரைக் கையால் திருப்பும்போது டொக் டொக்கென்று தட்டுப்படுவது நிரந்தரக் காந்தத்தின் பிடிப்பு. அது பிடிப்பு முறுக்கத்தில் மிகச் சிறிய பங்கு. திரை விழும். கரண்ட் திரும்பி வந்ததும் பலகையோ, திரை மேலேயே இருக்கிறது என்ற பழைய கணக்கோடு தொடங்கும்.

## பற்சில்லு போட்டால் தீருமா?

பாதி தீரும். 30க்கு 1 விகிதமுள்ள திருகுப் பற்சில்லுப் பெட்டி ஒன்றை நடுவில் வைத்தால், அதன் வினைத்திறன் 40 சதவீதம் என்று கொண்டாலும், 1.96 நியூட்டன் மீற்றர் சுமை மோட்டாருக்கு 0.16 ஆகத்தான் தெரியும். கரண்ட் போனாலும் இவ்வகைப் பெட்டி பெரும்பாலும் பின்னோக்கிச் சுழலாது, திரை விழாது.

ஆனால் உருளை நிமிடத்துக்கு 10 சுற்று சுற்ற வேண்டுமென்றால் மோட்டார் இப்போது 300 சுற்று சுற்ற வேண்டும். அது வினாடிக்கு 1000 படி. இங்கே அடுத்த உண்மை வருகிறது: வேகம் கூடினால் ஸ்டெப்பரின் முறுக்கம் குறையும்.

காரணம் சுருளின் தூண்டல். சுருளில் மின்னோட்டம் உடனே ஏறாது, நேரம் எடுக்கும். 3 மில்லிஹென்றி சுருளில் 3 அம்பியர் ஏற, 12 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 0.75 மில்லிசெக்கன், 36 வோல்ட் கொடுத்தால் 0.25 மில்லிசெக்கன். வினாடிக்கு 1000 படியில் ஒரு படிக்குக் கிடைப்பதே 1 மில்லிசெக்கன்தான். அதோடு சுழலும் காந்தம் சுருளில் பின் மின்னியக்க விசையை உண்டாக்கி, மின்னோட்டம் ஏறுவதை இன்னும் தடுக்கிறது. 12 வோல்டில் தடுமாறும் அதே மோட்டார் 36 வோல்டில் நன்றாக ஓடுவது இதனால். சுருள் எரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, டிரைவர் மின்னோட்டத்தை அளவோடு வெட்டிவிடும். டிரைவரின் வோல்ட் எல்லைக்குள் இருந்தால் சரி.

ஆகவே மோட்டார் வந்த பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது. குறித்த வோல்டில், குறித்த வேகத்தில் எவ்வளவு முறுக்கம் என்று காட்டும் வளைகோடுதான் வேண்டும். அந்த வளைகோட்டுக்கு மேலே போனால் மோட்டார் படி தவறும். இன்னொரு வளைகோடும் உண்டு, அது இன்னும் கீழே இருக்கும்: நின்ற நிலையிலிருந்து மெல்ல வேகமெடுக்காமல் ஒரே எடுப்பில் தொடங்கக்கூடிய எல்லை.

## புதிய தாள் சுருளில் தவறும், பழைய சுருளில் தவறாது

தேயிலைப் பைக்கற் அடைக்கும் சிறிய இயந்திரத்துக்கு வருவோம். பொலித்தீன் தாள் ஒரு பெரிய சுருளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பைக்கற்றுக்கும் ஸ்டெப்பர் அதைத் திடீரென்று இழுத்து, திடீரென்று நிறுத்துகிறது. தவறினால் தாள் போதிய நீளம் வராது, பைக்கற்றில் அச்சிட்ட பெயருக்குக் குறுக்கே வெட்டு விழும்.

இங்கே எடையைவிடப் பெரிய சுமை சடத்துவம். நிற்கும் பொருளை ஓடவைக்கவும், ஓடும் பொருளை நிறுத்தவும் முறுக்கம் வேண்டும். ஆர்முடுகல் கூடினால் அந்த முறுக்கமும் அதே விகிதத்தில் கூடும். தாள் சுருளின் சடத்துவத் திருப்பமோ (சுழற்சிக்கான சடத்துவம்) ஆரையின் நாலாம் அடுக்காக மாறுகிறது. உள்ளேயிருக்கும் மட்டையைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுருளின் ஆரை பாதியாகும்போது திணிவு நாலில் ஒன்றாகும், சடத்துவத் திருப்பம் பதினாறில் ஒன்றாகும்.

அதனால் புதிய சுருள் மாட்டிய முதல் மணித்தியாலத்தில் வெட்டு விலகும், சுருள் பாதியானதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "மோட்டார் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும்" என்று நம்பி, காலையில் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டவிடுகிறவர்களும் உண்டு. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆர்முடுகலைக் குறைத்து, மெல்ல எடுத்து மெல்ல நிறுத்தும்படி அமைத்தால் புதிய சுருளிலும் ஓடும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு பைக்கற் குறையலாம். தாள் உருளையில் வழுக்கினாலும் இதே பிழை வரும். அப்போது பிழை 7.2 பாகையின் மடங்கில் இருக்காது.

## சுமை குறைந்தாலும் தவறும்

இது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் சுழலி குறித்த இடத்தைக் கொஞ்சம் தாண்டிப்போய், திரும்பி வந்து, ஆடி அடங்குகிறது. அந்த ஆட்டத்துக்கு ஓர் இயற்கை மீடிறன் உண்டு. துடிப்புகள் அதே மீடிறனில் வந்தால் பரிவு ஏற்படும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகி, 1.8 பாகையைத் தாண்டி, படி தவறும். நெமா 23 மோட்டார் தனியாக ஓடும்போது இது பெரும்பாலும் வினாடிக்கு இருநூறு படியை ஒட்டி வரும். சுமையைச் சேர்த்து மொத்தச் சடத்துவத்தை நாலு மடங்காக்கினால் அந்த மீடிறன் பாதியாகும். அதாவது மேசையில் கண்டுபிடித்த "கெட்ட வேகம்" ஒன்று, இயந்திரத்தில் மாட்டியதும் வேறோர் இடத்துக்குப் போய்விடும். கொஞ்சம் உராய்வு உள்ள சுமை இந்த ஆட்டத்தை அடக்குகிறது. மேசையில் வெறுமனே அதிர்ந்து நின்ற மோட்டார் இயந்திரத்தில் ஒழுங்காக ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படியை 16 பங்காக உடைக்கும் மைக்ரோஸ்டெப் இந்த அதிர்வை நன்றாகக் குறைக்கும். ஆனால் அதனால் 16 மடங்கு துல்லியம் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. படியில் பதினாறில் ஒரு பங்கு நகர்த்தும்போது கூடும் முறுக்கம் பிடிப்பு முறுக்கத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவு. உராய்வு அதைவிடக் கூடுதலாக இருந்தால் துடிப்பு போகும், தண்டு அசையாது. இரண்டு மூன்று துடிப்பு சேர்ந்த பிறகு ஒரேயடியாகக் குதிக்கும்.

## என்ன செய்யலாம்

1. சுமையைக் குறையுங்கள். திரையின் மடிப்பில் தண்ணீர் வடிய நாலைந்து துளை போடுவது, பெரிய மோட்டார் வாங்குவதைவிட மலிவு. கயிறு அருகருகே சுற்றும்படி உருளையை நீளமாக்கினால் ஆரையும் கூடாது.
2. எல்லை ஆளி ஒன்றை மேலே வையுங்கள். ஒவ்வொரு தடவை மின் வந்ததும் திரை அந்த ஆளியைத் தொட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கட்டும். பழைய கணக்கை நம்ப வேண்டியதில்லை.
3. சுழற்சியை அளக்கும் என்கோடர் பொருத்திய ஸ்டெப்பரும் கிடைக்கிறது. சுழலி எவ்வளவு பின்தங்கியது என்று அது பார்த்துத் திருத்தும் அல்லது நிறுத்தி அறிவிக்கும். ஆனால் மோட்டாரில் இல்லாத பலத்தை அது கொடுக்காது.
4. டிஎம்சி 2209 போன்ற டிரைவர்கள் பின் மின்னியக்க விசையை வைத்துச் சுமையை ஊகிக்கும். மிகக் குறைந்த வேகத்தில் அந்த விசை மிகச் சிறியது என்பதால், நிமிடத்துக்கு 10 சுற்றில் இது பயன்படாது. பற்சில்லுப் போட்டு 300 சுற்றில் ஓடினால் வாய்ப்பு உண்டு.
5. திரைக்கு ஸ்டெப்பர்தான் வேண்டுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். மேலே, கீழே என்ற இரண்டு இடம் மட்டும் போதுமென்றால், வைப்பர் மோட்டாரும் இரண்டு எல்லை ஆளியும் இந்த வேலைக்கு ஸ்டெப்பரைவிடப் பொருத்தம் என்பதே என் கருத்து. அதன் வயிற்றிலேயே திருகுப் பற்சில்லு இருக்கிறது, சுமை கூடினால் மெதுவாகும், ஒரேயடியாகக் கைவிடாது. திரை பாதி, கால்வாசி என்று கணக்காக நிற்க வேண்டும் என்றால் மட்டும் ஸ்டெப்பருக்குப் போகலாம்.

## சுமையை அளப்பது

மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். மழை பெய்து ஓய்ந்த விடிகாலையில், ஈரத் திரையின் கயிற்றைத் தராசில் மாட்டி மெதுவாக இழுங்கள். திரை அசைந்துகொண்டிருக்கும்போது முள் காட்டும் அளவைப் பாருங்கள். அதில் உராய்வும் சேர்ந்திருக்கும். கயிறு முழுவதும் சுற்றிய நிலையில் உருளையின் ஆரையை அளந்துகொள்ளுங்கள்.

12 கிலோ என்று வந்தால் 12 × 9.8 × 0.020, அதாவது 2.35 நியூட்டன் மீற்றர். காற்றுக்கும் குளிருக்கும் இடம் விட்டு இரண்டால் பெருக்கினால் 4.7. மேலே சொன்ன மோட்டார் நேரடியாக இதைத் தூக்காது. 30க்கு 1 பெட்டியோடு மோட்டாருக்குத் தேவைப்படுவது 0.39. அதை 300 சுற்று வேகத்துக்குரிய இடத்தில் வளைகோட்டில் தேட வேண்டும்.

வளைகோடே தராத மோட்டார் என்றால், கூடாரத்தில் மாட்டுவதற்கு முன் பட்டறையிலேயே அதே பெட்டி, அதே மின்வழங்கி, அதே வேகத்தில், முழுக் கயிறும் சுற்றிய தடிப்புள்ள உருளையில் ஒரு மண் மூட்டையைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். 12 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு கிலோவாக மண்ணைச் சேர்த்துக்கொண்டே போங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம். 24 கிலோவையும் தவறாமல் தூக்கினால் கூடாரத்துக்குக் கொண்டுபோகலாம்.